மிஷின் ஓடாத நாள்

முதல் நாள் மாடியில் காற்றிழுக்கும் பம்பை ஓடவிட்டதும் கீழே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. ஒச்சம்மாள் அக்கா மாடிப்படியில் பாதிவரை ஏறி வந்து நின்றார். கையெல்லாம் மாவு. என்னைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்த்தார்.

"இது என்ன சத்தம் பாப்பா?"

"காத்தை இழுக்குதுக்கா. இந்தக் கண்ணாடிக் குழாய்ல மருந்துத் தண்ணி இருக்கு. காத்து அதுக்குள்ள குமிழ் விட்டு வரும். அந்தச் சத்தம்."

தலையை ஆட்டினார். ஆனால் இறங்கவில்லை. குழாய்களுக்குள் காற்று இழுபட்டது, தயங்கியது, மறுபடி இழுபட்டது. நெஞ்சில் சளி கட்டியவர் தூங்கும்போது வரும் சத்தம். அதுவரை எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

"அவுக மூச்சு இப்படித்தான் இருந்துச்சு," என்றார்.

அவருடைய கணவர் முத்திருளன் அந்த வருடம் தை மாதம் இறந்துபோனார். சின்ன வயதிலிருந்தே பஞ்சு அரைக்கும் மில்லில் வேலை. அந்தக் கூலியில்தான் இந்த வீட்டைக் கட்டினார். கடைசி மாதங்களில் உள்ளே படுத்தால் அடைக்கிறது என்று சொல்லி மாடியில்தான் படுத்திருந்தார். நாங்கள் மிஷினுக்கு இரும்புக் கூண்டு வைத்த இடத்தில்தான் அவருடைய கட்டில் இருந்தது. இதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்போம். மரமோ சுவரோ மறைக்காத இடம் அது ஒன்றுதான்.

நான் மதுரை கே.கே. நகரில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்தவள். எழுமலைக்கு மேற்கே, மலைக்கும் ஊருக்கும் நடுவே, எரிவாயுவில் ஓடும் மின் நிலையம் ஒன்று வந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள காற்றை அளந்து தருவது எங்கள் ஒப்பந்தம். திங்களும் வியாழனும் டிரைவர் சிவபாண்டி அண்ணனோடு வேனில் அக்கா வீட்டுக்குப் போவேன். காலையில் பம்பை மாட்டினால் மறுநாள் காலைவரை ஓடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய்களை மாற்ற வேண்டும். இருட்டும்வரை நான் பார்த்துக்கொள்வேன். ராத்திரிப் பொறுப்பு அண்ணனுடையது. வேலை முடிந்ததும் பம்பைக் கழற்றி வேனில் ஏற்றிவிடுவோம். மற்ற நாட்களில் மாடியில் வெறும் கூண்டு மட்டும் இருக்கும்.

இரண்டாவது வாரம் போனபோது கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. கால் படாமல் தள்ளி நின்று வேலை செய்தேன்.

மின் நிலையத்தைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. கரிக் குவியல் இல்லை, சாம்பல் இல்லை. சுற்றுச்சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். எரிவாயு பூமிக்கடியில் குழாயில் வந்துவிடுகிறது. பகல் முழுவதும் அது சும்மாவே கிடக்கும். இந்தப் பக்கமெல்லாம் சூரிய மின்சாரம் வந்துவிட்டதால் பகலில் அதற்கு வேலை இல்லை. வெயில் தாழ்ந்து, ஊர்களில் விளக்குப் போடும் நேரத்தில்தான் அதை எழுப்புவார்கள்.

எழுந்த உடனே அதற்கு மூச்சு சீராவதில்லை. உள்ளே தீ ஒரு நிதானத்துக்கு வரும்வரை புகைபோக்கியிலிருந்து மஞ்சளாக ஒன்று வரும். மஞ்சள் என்றால் அடர்த்தியாக அல்ல, பழைய வெள்ளை வேட்டியில் படிந்த கறையைப் போல. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோகும். அப்புறம் ராத்திரி முழுக்க வானத்தில் எதுவும் தெரியாது.

அந்த மஞ்சள் எரிவாயுவிலிருந்து வருவதல்ல. உள்ளே போகும் சாதாரணக் காற்றுதான் அந்தச் சூட்டில் வேறொன்றாக மாறி வெளியே வருகிறது. கல்லூரியில் இதைச் சமன்பாடாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த மாடியில் நின்று பார்க்கும்போது சமன்பாடு நினைவுக்கு வருவதில்லை. நாம் விட்ட மூச்சு ஏதோ ஒன்றுக்குள் போய், உருமாறி, நம்மைத் தேடித் திரும்பி வருவதாகத் தோன்றும்.

"ஆரம்பிச்சுட்டான்யா மஞ்சத்தண்ணி ஊத்த," என்பார் சிவபாண்டி அண்ணன். "எந்த மொறப்பய மேல ஊத்துறானோ."

"ஒங்க மேலதான்ணே ஊத்துறான்," என்று கீழேயிருந்து ஒச்சம்மாள் அக்கா சொல்வார். "போயி நல்லா நனைஞ்சுட்டு வாங்க. அப்பவாச்சும் பொண்ணு கெடைக்குதான்னு பாப்போம்."

அக்காவின் மகள் தமிழ்வாணி சிரித்துக்கொண்டே என் பின்னால் ஒளிவாள். இரண்டாம் வகுப்பு. என்னை 'மிஷின் அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். ஒல்லியான பிள்ளை. ஓடினால் சீக்கிரம் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை, யாரும் சொல்லாமல், அந்த மஞ்சள் வரும் நேரத்துக்கு மட்டும் தனியாக ஒரு குழாய் வைத்தேன். காற்று மேற்கிலிருந்து வந்தது. தொண்டையில் தீக்குச்சி அணைத்த வாடை. மறுநாள் சோதனைக்கூடத்தில் மருந்து சேர்த்ததும் அந்தக் குழாய் மட்டும் கடும் ரோஸ் நிறத்தில் நின்றது. நச்சு வாயு கூடக்கூட ரோஸும் கூடும். மற்றவை நிறம் மாறியதே தெரியாத அளவுக்கு வெளுத்திருந்தன.

சிவராம் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர்தான் அங்கே பொறுப்பாளர். கெட்ட மனிதர் இல்லை.

"அஸ்வினி, இதை எந்தக் கட்டத்துல எழுதுவ?"

"தனியா ஒரு மணி நேரம்னு..."

"ஒரு மணி நேரத்துக்குன்னு இந்த வாயுவுக்கு வரம்பு எங்கம்மா இருக்கு? ஒரு நாள் சராசரிக்கு இருக்கு. ஒரு வருஷச் சராசரிக்கு இருக்கு. நீ எடுத்தது பொய்யின்னு நான் சொல்லல. ஆனா இதை எதோட வச்சு ஒப்பிடறது?"

நாள் முழுவதற்கும் கூட்டி வகுத்தால் எல்லாம் வரம்புக்குள் வந்தது. ரோஸ் நிறக் குழாயைக் கழுவி வைத்தேன். அவருக்குப் பதில் தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு.

அடுத்த திங்களன்று பம்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒச்சம்மாள் அக்கா படியில் வந்து உட்கார்ந்தார். முகம் தெளிவாக இருந்தது. தலையில் பூ இல்லையென்றாலும் முடியை வாரி முடிந்திருந்தார்.

"சனிக்கிழமை நல்லா மூச்சு விட்டாக பாப்பா."

என் கை நின்றுவிட்டது. "சனிக்கிழமை மிஷின் இங்க இல்லையேக்கா."

"அதான் சொல்றேன். மிஷினு இல்லாமலே."

கிறுக்குப் பேச்சாக அது இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமையும் கேட்டதாம். அதற்கு முந்தின வாரமும். எப்போதும் விளக்குப் போடுகிற நேரத்தில்தான். நான் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தேன். தண்ணீர் குறைந்திருந்தது. வெயிலில் ஆவியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பேரையூர்ப் பக்கம் ஒரு கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் போனோம். திரும்பும் வழியில்தான் சுத்தம் செய்த குழாய்ப் பெட்டியை அக்கா வீட்டு மாடியிலேயே விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. "அதுக்கென்ன, சுத்திப் போனாப் போச்சு. அப்படியே ஒரு டீ," என்று அண்ணன் வண்டியைத் திருப்பினார். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டுக் கடைப் பக்கம் போனார்.

பொழுது சாய்ந்திருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்குப் போடவில்லை. கீழ்ப்படியில் ஒச்சம்மாள் அக்கா சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் விரல் வைத்தார்.

"கேக்குதா?"

கேட்டது.

இழுத்தது. நின்றது. இழுத்தது. முடிவில் மெல்லிய விசில் ஒன்று. மேலேயிருந்து, படிக்கட்டின் இருட்டு வழியாக, நிதானமாக இறங்கி வந்தது. பம்ப் வேனில் இருக்கிறது. நானே கயிறு போட்டுக் கட்டியது. வேனோ தெருமுனையில். படித்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அக்காவுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிடத் தோன்றியது.

"நான் மேல போனா நின்னுரும்," அக்கா கிசுகிசுத்தார். "ஒருக்கா போனேன். வெடுக்குன்னு நின்னுருச்சு. அதுல இருந்து போறதில்ல."

"வாணி எங்கக்கா?"

"வெளாடப் போயிருப்பா."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அக்கா என் துப்பட்டாவைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார்.

மாடியில் கடைசி வெளிச்சம் இருந்தது. சோளக்காட்டுக்கு மேலே மஞ்சள் தாழ்வாக, சாய்ந்து, எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதே தீக்குச்சி வாடை. கூண்டில் முதுகைச் சாய்த்துத் தமிழ்வாணி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, தோள்களைக் காதுவரை தூக்கி, வாயைத் திறந்து படிக்கட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். கழுத்துக்குக் கீழே பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது.

என்னைக் கண்டதும் வாயை மூடினாள். சத்தம் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தாக்குப்பிடிக்க முடியாமல் இருமல் வந்தது. அதைக் கையால் பொத்தினாள்.

குனிந்து தூக்கப் போனேன்.

"அம்மாட்ட சொல்லிராதீங்கக்கா."

"எப்ப இருந்து இப்படி வருது?"

"பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்து."

"ஏன்டி சொல்லல?"

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "நெஞ்சு சத்தம் போட்டா... அம்மா, அது அப்பானு நெனச்சுக்கும். படியில வந்து உக்காரும். அன்னைக்கு அழுகாது. அன்னைக்குச் சோறு திங்கும்."

"கீழ இருக்கும்போது வராதா?"

"கீழ கம்மியா வரும். இங்கன வந்து உக்காந்தாத்தான் நல்லா வரும்."

அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கனமே இல்லை. அக்கா எழுந்து நின்றிருந்தார்.

"நின்னுருச்சே பாப்பா. நீ போனதும் நின்னு..."

பிள்ளையை அவர் மடியில் இறக்கி, அவருடைய தலையைப் பிடித்து அவள் முதுகில் வைத்தேன். அவ்வளவு உரிமையாக யாரையும் நான் தொட்டதில்லை.

அக்கா அந்த மூச்சைக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். முதலில் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "அவுகளேதான்," என்றார். பிறகு மெதுவாக நிமிர்ந்து, மடியில் இருப்பது யார் என்று பார்த்தார்.

முதுகில் ஓர் அடி வைத்தார். உடனே இறுக்கிக்கொண்டார். "ஏண்டி, ஏண்டி, ஏண்டி," என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீ எதுக்கு மேல போன?"

நான் வாணியின் நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

"மிஷினு ஓடுற நாள்ல கேக்குறது மிஷினுதான்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன கிறுக்கச்சியா? ஓடாத நாள்ல கேட்டுச்சே. அதைத்தான நான் நம்புனேன்."

ஒவ்வொரு முறையும் நாங்கள் ஒரு குழாயை வெறுமனே எடுத்துப் போவோம். அதன் வழியாகக் காற்றை இழுக்க மாட்டோம். அதிலும் நிறம் வந்தால், நிறம் வேறெங்கிருந்தோ வருகிறது என்று பொருள். மிஷின் ஓடாத நாளை வைத்து அக்கா செய்ததும் அதுதான். முறையில் தவறு எதுவும் இல்லை. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. தெருமுனைக்கு ஓடி அண்ணனைக் கூப்பிட்டேன். கையிலிருந்த டீயைக் கொட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் மூக்கும் வாயும் மூடும் முகமூடி போட்டுப் புகைமருந்து வைத்தார்கள். வாணி அதற்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். டாக்டர் இளைஞர். "வீட்டுப் பக்கம் புகை எதுவும் உண்டா?" என்று கேட்டார். மின் நிலையத்தைச் சொன்னேன். "அது கேஸ்ல ஓடுறதுதானே? அதுல புகையே வராதே," என்றார். பிறகு, எதுவானாலும் கொஞ்ச காலம் பிள்ளையை வேறு ஊரில் வைத்துப் பார்க்கச் சொன்னார். இந்த இளைப்பு பரம்பரையாகவும் வரலாம், வந்தால் ஏதாவது ஒன்று கிளப்பிவிடும் என்றார்.

வெளியே பெஞ்சில் ஒச்சம்மாள் அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபம் போயிருந்தது. அது போன இடத்தில் எதுவும் வரவில்லை.

"இம்புட்டு நாளா ஒம் மிஷினு என்னதான் சொல்லுச்சு?"

"வரம்புக்குள்ள இருக்குனு சொல்லுச்சு."

"அப்ப நல்ல காத்துதானா?"

ஆமாம் என்று சொல்லலாம். அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட அறிக்கை.

"இல்லக்கா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பொழுது சாயுறப்ப மஞ்சளா வருதுல்ல, அந்த நேரத்துக் காத்து நல்லதில்ல. ஒரு பானைக் கொழம்புக்கு ஒரு கை உப்பு போட்டா சரியா இருக்கும். அந்த ஒரு கையையும் ஒரே வாய்ச் சோத்துல போட்டா எப்படி இருக்கும்? நாங்க பானைக் கணக்குத்தான் எழுதுறோம். அவ அந்த ஒரு வாயைத் தின்னுட்டு இருந்திருக்கா."

"அவுகளையும் அதான்..."

"தெரியலக்கா. மில்லு தூசியாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாததைச் சொல்ல மாட்டேன். வாணிக்கும் அதனாலதான் வந்துச்சுன்னு நிரூபிக்க என்கிட்ட எதுவும் இல்ல. ஆனா அவ சாயங்காலம் அந்த மாடியில உக்காரக் கூடாது."

"நான் அங்க இருக்கிறவரைக்கும் அவ உக்காருவா," என்றார் அக்கா. "எனக்காக உக்காருவா. நான் இங்கிட்டு வைதாலும் அடிச்சாலும், அங்கிட்டு ஏறிருவா."

அலங்காநல்லூரில் அவருடைய தம்பி அழகுபாண்டி இருந்தார். அக்கா அங்கிருந்தே போன் போட்டார். "கொஞ்ச நாளைக்கு வாரோம்டா," என்று மட்டும் சொன்னார். மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஆமா, வீட்டைப் பூட்டிட்டுத்தான்," என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அவர்கள் கிளம்பிய நாள் ஒரு வியாழக்கிழமை. நான் மாடியில் பம்பை மாட்டிக்கொண்டிருந்தேன். பைகளைத் தெருவில் வைத்துவிட்டு அக்கா மேலே வந்தார். சாவியைக் கூண்டின் மேல் வைத்தார். "நீங்க வந்து போகணும்ல." கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிட்டுப் பாத்தேன் பாப்பா. எங்க கூட வாங்கன்னு. வருவாகளான்னு தெரியல. பஸ்ஸுல ஏறுனாலே வாந்தி எடுக்கிற ஆளு."

சிரித்தார். நானும் சிரித்தேன். கீழேயிருந்து வாணி, "பஸ்ஸு வந்துருச்சும்மா," என்று கத்தினாள்.

அதற்குப் பிறகு பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போவதும் வருவதும் நானாயிற்று. அடுப்பு கழுவித் துடைத்திருந்தது. சுவரில் முத்திருளன் படமும் மாலையும் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சிவபாண்டி அண்ணன் ராத்திரியில் வீட்டுக்குள் படுக்க மாட்டேன் என்றார். வேனில்தான் தூங்கினார். "பயமெல்லாம் இல்ல. காத்தோட்டமா இருக்கும்ல," என்றார். கண்ணாடிகளை ஏற்றி மூடிக்கொண்டுதான் படுத்தார்.

ஆடி முடியும் நேரம். மேற்குக் காற்று விடாமல் அடித்தது. ஒரு திங்கள்கிழமை குழாய் மாற்றும் நேரத்தில் போன் வந்தது. அழகுபாண்டியின் எண். எடுத்தால் வாணி.

"மிஷின் அக்கா."

"என்னடி, எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன். வாடிவாசல் வரைக்கும் ஓடுனேன். ஒக்காரவே இல்ல."

"இருமல்?"

"இல்லக்கா." குரலைத் தாழ்த்தினாள். "இங்க நெஞ்சு சத்தமே போட மாட்டேங்குதுக்கா. மாடியில போயி உக்காந்தும் பாத்துட்டேன். வரவே மாட்டேங்குது. அம்மா பொழுதுசாஞ்சா வாசப்படியில போயி உக்காந்துக்குது. சோறு திங்க மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

புகைபோக்கியில் மஞ்சள் தொடங்கியிருந்தது.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்டி. சத்தம் வராம இருக்கிறதுதான் நல்லது. கேட்டியா? நீ ஒண்ணும் செய்யக் கூடாது."

"ம்." நம்பாத 'ம்'. பிறகு, "இன்னைக்குத் திங்கக்கெழமைதான? மிஷினு ஓடுதா?"

"ஓடுது."

"போனை அதுகிட்ட வைங்கக்கா. நான் அம்மாகிட்டக் குடுக்குறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அங்கே போன் கை மாறிவிட்டது. யாரோ காதில் வைத்துக் காத்திருப்பது மட்டும் தெரிந்தது.

கூண்டுக்குள் கையை விட்டுக் குழாய்களுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன். காற்று இழுபட்டது, நின்றது, இழுபட்டது. சோளக்காட்டைத் தாண்டி மஞ்சள் வந்து மாடியில் இறங்கியது. தொண்டை கரித்தது. இருமல் வந்தது. துப்பட்டாவைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டேன். அந்தச் சத்தம் போனில் போய்விடக் கூடாது.